பதினோரு மச்சான்கள்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் சர்க்கரைதான் காரணம். மருத்துவர் நடக்கச் சொன்னார். நடக்கிற சாக்கில் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் போய், அங்கே ஒரு கல்லூரி மைதானத்தில் உட்கார்ந்துவிடுவேன். கால்பந்து ஆடும் பையன்கள் பந்து கேட்டுக் கத்துவது ஒரே சொல்தான்: மச்சான். ஒருவன் கத்தினால் நான்கு பேர் திரும்புவார்கள். பந்து ஐந்தாவது ஆளிடம் போகும், பெரும்பாலும் அவன் எதிரணிக்காரனாக இருப்பான். இதில் ஒரு கதை தேற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: ஏரியின் மேல் மாலைச் சூரியன் தன் செங்கரங்களை நீட்டி

மன்னிக்கவும். இனி செய்யமாட்டேன்.

2

புதிய தலைமைப் பயிற்சியாளருக்கு முதல் வரைவில் தொப்பி, மீசை, ஒரு சோகமான கடந்த காலம் எல்லாம் கொடுத்திருந்தேன். கதைகளில் வரும் பயிற்சியாளர்களுக்குச் சோகம் இலவச இணைப்பு. அதைப் பிடுங்கினேன், கூடவே மீசையும் வந்துவிட்டது. மிச்சம் இருந்தவர் கஸ்தூரி. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கோபம் வந்தால் மட்டும் மகள் வாயில் அந்த ஊர் வந்துவிடும்.

முதல் நாளே வந்துவிட்டது.

"பதினோரு பேரும் பதினோரு பேருக்கும் மச்சான்னா, உங்க அக்கா தங்கச்சியெல்லாம் யாரைத்தாம்லே கட்டியிருக்காளுவ? இனிமே யாருகிட்ட பந்து கேக்கியோ, அவன் பேரைச் சொல்லிக் கேளு. மச்சான்னு கேட்டவனும் வெளிய, குடுத்தவனும் வெளிய!"

3

பாதிப் பேருக்கு மற்ற பாதிப் பேரின் பெயரே தெரியாது. 'குள்ளா' என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டவனுக்கு ராஜசேகரன் என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்து அணியே அதிர்ந்துபோனது. கோல்கீப்பரின் பெயர் செங்கல்வராயன். முதல் ஆட்டத்தில் அதை முழுதாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் கோல் விழுந்துவிட்டது.*

மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஜெயிக்க ஆரம்பித்தார்கள். பந்து கேட்டவனுக்கே போனது. இந்த இடத்தில் நான்கு பக்கம் தத்துவம் எழுதியிருந்தேன். சுயமுன்னேற்றப் புத்தகம் மாதிரி இருந்ததால் கிழித்துவிட்டேன்.

(* பிறகு 'செங்கல்' என்று சுருக்கிக்கொள்ளக் கஸ்தூரி அனுமதித்தார்.)

4

சிக்கல் இரண்டு பேரிடம் இருந்தது. நடுக்களத்தில் எழில், முன்களத்தில் பூந்தமல்லி முஸ்தகீம். பள்ளியிலிருந்தே இணைபிரியாதவர்கள். போன வருடக் கடைசி ஆட்டத்தில், காலியான கோலுக்கு முன்னால் நின்ற முஸ்தகீமிடம் பந்து உருண்டு வந்தது. குறுக்கே ஓடிவந்த தங்கள் அணிக்காரன் இன்னொருவனைப் பார்த்து எழில், "மச்சான், உடு!" என்று கத்தினான். முஸ்தகீம் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துப் பந்தை விட்டுவிட்டான். பந்து வெளியே போனது, கோப்பையும் போனது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

இப்போது பெயரைச் சொன்னால்தான் பந்து. இவன் சொல்லவில்லை, அவன் கொடுக்கவில்லை.

முஸ்தகீமை டீக்கடையில் பிடித்தேன்.

"தம்பி, பேரைக் கூப்பிட்டா என்னப்பா குறைஞ்சிடும்?"

"மாட்டேன் அண்ணாத்தே. அவன் உடுன்னான், உட்டேன். அப்பால அல்லார் முன்னாடியும் என்னியே கேணயன்னுட்டான். மொதல்ல அவன் வந்து பேசட்டும்."

"பெருநாளுக்கு அவனுக்குப் பிரியாணி போச்சாமே?"

"எங்கம்மா குட்த்தனுப்பிச்சு. டப்பா கழுவி வந்துச்சு." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "நல்லா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? கறி வேற அவனுக்குன்னு பாத்துப் பாத்து வச்சது."

எனக்குப் பாவமாகிவிட்டது. கிண்டலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்தப் பையன் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

"கதை முடியணும்பா. ஒரே ஒரு தடவை கூப்பிடேன்."

"உன் கதைக்கு வோணும்னா நீ கூப்டு."

5

இறுதி ஆட்டம். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். ஆட்டம் முடியும் நேரம். பந்து எழிலின் காலடியில் இருக்கிறது. எதிரே முஸ்தகீம் தனியாக நிற்கிறான். கை தூக்கியிருக்கிறான், வாய் திறந்திருக்கிறான். எழில் அவனையே பார்க்கிறான். கொடுக்கத்தான் துடிக்கிறான். கோட்டுக்கு வெளியே கஸ்தூரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

முடிவு அ: முஸ்தகீம் "எழில்!" என்கிறான். பந்து, கோல், கட்டிப்பிடித்து அழுகை, மழை. மழையை நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது. இந்த முடிவையே அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: "மச்சான்!" என்கிறான். எழில் கொடுத்துவிடுகிறான். கஸ்தூரி இருவரையும் வெளியேற்றி ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறார். அணி தோற்கிறது. பெஞ்சில் எழில், "பிரியாணில உப்பு கம்மிடா" என்கிறான். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்பது பேரைத் தோற்கடித்து இருவரைச் சேர்த்துவைக்கக் கஸ்தூரி சம்மதிக்கவில்லை.

முடிவு இ: ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொள்கிறான். விசில் அடிக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். எழுத மனம் வரவில்லை.

ஆகவே பந்தை இங்கேயே நிறுத்திவைக்கிறேன். முஸ்தகீமின் வாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது. என்னைத்தான் கூப்பிடச் சொன்னான். நான் ஏரிக்கரையில் நின்று "எழில்!" என்று கத்திப் பார்த்தேன், ஒரு நாய்தான் திரும்பிப் பார்த்தது. நீங்கள் கூப்பிடுங்கள். பெயர் தெரியும் அல்லவா? மனசுக்குள் இல்லை, வாய்விட்டு.

உங்களுக்கும் அப்படிப் பேச்சு நின்றுபோன ஒருவர் இருந்தால், எழிலை விட்டுவிட்டு அந்தப் பெயரையே கூப்பிடுங்கள். எழில் பந்தைக் கொடுத்துவிடுவான். கஸ்தூரியை நான் சமாளித்துக்கொள்கிறேன்.