நாலாம் இனத்தின் ஒன்பதாம் நாள்

"மாஸ்டர், உங்கட மகள் நாலாம் இனத்துக்கு மட்டும் வேணுமெண்டு குறியைக் கூட்டிப் போட்டிருக்கிறா." தில்லைநாதன், மாஸ்டர் அனுப்பிய அட்டவணையை மேசையில் போட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

ஒஸ்வால்ட் மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டுக்குள் வந்து யாரும் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. கதவருகே மகள் ஐறீன் முகம் சிவந்து நின்றாள்.

யுத்தத்தால் அரிசி கூப்பனுக்கு வந்துவிட்ட காலம். வைக்கோலில் விளையும் நல்ல காளான் இனமொன்றை உண்டாக்கத் தில்லைநாதன் வேலை பார்க்கும் விவசாயக் கந்தோர் முனைந்திருந்தது. காட்டில் பொறுக்கிய ஆறு இனங்களைப் போத்தலில் வளர்த்து, ஒன்பதாம் நாளில் எதன் வெள்ளை நூல் வைக்கோலை இறுகப் பிடித்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். முந்தி நிற்கும் இரண்டையும் இணைப்பார்கள், மற்றவை கழிக்கப்படும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆறும் கடற்கரை வெள்ளவத்தையில் தில்லைநாதனிடமும் இங்கே மாஸ்டரிடமும் வளர்ந்தன. ஐதாக இருந்தால் ஒரு கூட்டல் குறி, நடுத்தரத்துக்கு இரண்டு, அடர்த்திக்கு மூன்று. கொப்பியில் குறிப்பவள் ஐறீன். அட்டவணையாகப் பிரதி எடுத்து அனுப்புபவர் மாஸ்டர். நாலாம் இனம் அவரே கொலன்னாவையில் கண்டெடுத்தது.

"மற்ற அஞ்சு இனத்துக்கும் இரண்டு வீட்டுக் கணக்கும் ஒண்டு. நாலுக்கு மட்டும் என்னட்ட இரண்டு குறி, உங்களிட்ட மூண்டு."

"உம்மட கடற்காத்தில உப்புப் பிடிச்சு வளராமல் போயிருக்கும்."

"மற்ற அஞ்சுக்கும் உப்புப் பிடிக்கேல்லையோ?"

போத்தலைப் பார்த்துத் தீர்க்கவும் வழியில்லை. இன்று பன்னிரண்டாம் நாள். ஆறும் வெள்ளையாய் மூடிவிட்டன.

"கொப்பியைக் கொண்டு வா," என்றார் மாஸ்டர்.

தன் இனம் என்ற பெருமையில், நாலுக்கு மட்டும் நாள்தோறும் நாலு வரி விளக்கம் எழுதச் சொல்லியிருந்தார். அதனால் அதன் பக்கம் எட்டாம் நாளோடு நிறைந்து, ஒன்பதாம் நாள் புதுப் பக்கத்தில் தொடங்கியிருந்தது. புதுப் பக்கம் எடுத்தால் முதலில் சிலுவை போடுவது இந்த வீட்டு வழக்கம். அவரே பழக்கியது. சிலுவையை ஒட்டி இரண்டு கூட்டல் குறிகள்.

மூன்றாக எண்ணியது அவருடைய கண்.

மகள் அவசரத்தில் நெருக்கி எழுதிவிட்டாள் என்று ஒரு வார்த்தை போதும். அவர் பெயர் தப்பும். ஐறீனும் அதை ஊகித்தவள் போல, "பப்பா, நான்தான் கிட்டக் கிட்ட..." என்று தொடங்கினாள்.

"நீ வாயை மூடு." மாஸ்டர் கொப்பியைத் தில்லைநாதன் முன் வைத்தார். "இது சிலுவை. இது இரண்டு குறி. பிள்ளை எழுதினது சரி. பிரதி எடுத்த நான்தான் சிலுவையையும் சேர்த்து எண்ணிப்போட்டன்."

தில்லைநாதன் குனிந்து பார்த்தார். "அப்ப நாலு விழுந்திட்டுது, மாஸ்டர். இணைக்கிறது இரண்டாம் இனமும் அஞ்சாம் இனமும்தான்."

"விழட்டும்." அட்டவணையில் ஒரு குறியை வெட்டி, பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார். "ஆனா என்ர மகளைப் பற்றி ஒரு சொல் சொன்னீர். அதை அவவிட்டயே திருப்பி எடும். எடுக்காமல் இந்தக் கடுதாசி உம்மட கைக்குத் திரும்பி வராது."

தில்லைநாதன் தொப்பியைக் கழற்றினார். "தங்கச்சி, நான் பிழையாக் கதைச்சுப்போட்டன். மனதில வைக்காதீங்கோ."

ஐறீன் தலையசைத்தாள். அட்டவணை கைமாறியது.

அவர் போனதும், "நாலாம் போத்தலை என்ன செய்ய, பப்பா?" என்று கேட்டாள்.

"கழிக்கிறதெண்டால் அந்த நூல் சாக அவிக்க வேணும்," என்றார் மாஸ்டர். "தண்ணியைக் கொதிக்க வை."