எஸ்டேட்டுக்குப் போயிருந்த பிள்ளை

சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் பூவம்மாவிடம் அரைத்த மசாலா வாங்க வருகிறவர்கள் அதிகம் பேச வேண்டியதில்லை. என்ன மீன், எத்தனை பேர் என்று சொன்னால் போதும். மிளகாய் விழுதில் கொஞ்சம், மல்லியில் ஒரு கை, மஞ்சளில் ஒரு வழிப்பு என்று இலையில் வைத்து மடித்து நீட்டிவிடுவாள். அன்று காலை மங்களம் வந்து, "திருக்கை, ஆறு பேரு" என்றபோதும் கை தானாகத்தான் ஓடியது. அடுத்து ஒன்று கேட்டாள் பாருங்கள், அப்போதுதான் மிளகாய் இரண்டு மடங்காக விழுந்தது.

"ஒன் மவனையும் ஆமிக்குக் கூப்பிட்டுக் கடுதாசி வந்துருச்சாமே?"

"ஆமாக்கா. மெடிக்கலுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"என்ன லா இது, பதினெட்டு வயசாச்சின்னா பட்டாளத்துக்குப் போயே ஆவணும்னு மீசை மொளைக்காத புள்ளைங்கள எல்லாம் புடிச்சிக்கிட்டு! நோய் நொடி இருந்துச்சின்னா விட்டுருவாங்களாம். அது சரி, ஒன் புள்ளைக்கு என்ன நோயி? எஸ்டேட்டுப் பால் குடிச்ச ஒடம்பு!"

பூவம்மா சிரித்துவைத்தாள்.

அந்த எஸ்டேட்டுப் பால் இருக்கிறதே, அது கலப்படமில்லாத பொய். மகன் அழகப்பனுக்கு எட்டு வயதில் டீபி என்கிற காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டீபி என்றால் அந்த வீட்டுத் தண்ணீரைக்கூட அக்கம்பக்கம் தொடாது. அந்த வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? கைக்குழந்தையா என்ன, மூத்த மகள் பாக்கியலட்சுமிக்கு அப்போதே பத்து வயது. ஆகவே பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு, மலாயாவில் ஜொகூர் எஸ்டேட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருப்பதாக ஊருக்குச் சொன்னாள் பூவம்மா. சொன்னதோடு நின்றாளா? எருமை வாங்கியதாகச் சொன்னாள், அந்த எருமைக்கு ஒரு கன்றும் போட வைத்தாள். ஆஸ்பத்திரியில் முட்டையும் பாலும் கொடுத்து ஊசி போட்டுப் போட்டு, பிள்ளை கன்னம் உப்பித் திரும்பியபோது தெருவே நம்பிவிட்டது. அதன்பிறகு இரண்டு தடவை பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரி வாசலில், மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவான பஃபலோ ரோட்டுக்காரி ஒருத்தியைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே பஸ் ஏறிவிட்டாள். அப்புறம் போகவே இல்லை. நோய் முழுக்கப் போய்விட்டது என்று எந்த டாக்டரும் சொல்லி அவள் காதால் கேட்டதில்லை. பிள்ளை தும்மினால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. பிள்ளையை ஆமியிலிருந்து மீட்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு வழி. அதை வாயைத் திறந்து சொன்னால், மங்களத்தின் மகன் துரைசாமிக்குப் பாக்கியலட்சுமியைப் பேசி வைத்திருந்த சம்பந்தம் கோவிந்தா.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு பார்க்கும் தங்கராஜு எதற்கும் பதறுகிற ஆளில்லை. "அந்த எருமைய வேணா ஆமிக்கு அனுப்பிடலாமா?" என்றார். கரண்டி பறந்தது. நல்லவேளை, மேலே படவில்லை.

மகனைத் தனியாகப் பிடித்தாள். "டாக்டரு காதுல மட்டும் மெதுவா சொல்லிடுடா. வெளிய யாருக்கும் சொல்ல வேணாம்னு அவருகிட்டயே சொல்லிடு."

"எக்ஸ்ரே எடுப்பாங்கம்மா. நான் சொல்லாட்டியும் தெரியும்." அழகப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகினான். "ஆனா எனக்குப் போணும்மா. ஸ்கூல்ல ஒரு ரேஸ் ஓட விட்டியா நீ? மழையில நனைய விட்டியா? செலெக்ட் ஆனேன்னா நான் நல்லாருக்கேன்னு அர்த்தம். எனக்கே தெரியணும் லா."

மறுநாள் காளியம்மன் கோயிலில் போய் நின்று, 'தாயே, டாக்டர் தானாகவே கண்டுபிடிக்கணும், வேண்டாம்னு அனுப்பிடணும், ஆனா யாருக்கும் தெரியக்கூடாது' என்று வேண்டிக்கொண்டாள். இப்படிச் சிக்கலான வேண்டுதலை அந்த அம்மன் கேட்டே இருக்கமாட்டாள்.

மெடிக்கல் அன்று வேண்டாம் வேண்டாம் என்று அவன் கத்தியும் கூடவே போனாள். வெளியே மரத்தடியில் அவளைப்போல இன்னும் நாலைந்து தாய்மார்கள் இருந்தார்கள். ஒரு சீனத்தி, சந்தையில் எல்லாரும் பேசும் கொச்சை மலாயில், தன் மகனுக்குப் பாதம் தட்டை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டாள். இன்னொருத்தியின் மகனுக்குக் கண் தெரியாதாம், எதிரே வருகிற பஸ் நம்பரைக்கூடப் படிக்கமாட்டானாம். ஒரு குறையும் இல்லாத பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி மட்டும் ஓரமாக அழுதுகொண்டிருந்தாள். உன் மகனுக்கு என்ன என்று சீனத்தி பூவம்மாவைக் கேட்டாள். யாரோ எவளோ, மறுபடி பார்க்கப்போவதில்லை, சொன்னால்தான் என்ன? சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "எஸ்டேட்டுல இருந்தான்" என்று மலாயில் சொல்லிவைத்தாள். அதென்ன வியாதி என்று சீனத்திக்குப் புரியவில்லை.

மற்றப் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் வந்துவிட்டார்கள். அழகப்பனைக் காணோம். வெயில் உச்சிக்கு வந்தது. பூவம்மாவுக்கு வேண்டுதலே மறந்துபோயிற்று. ஏன் இவ்வளவு நேரம்? என்னத்தைப் பார்த்தார்கள்? ஆமியாவது ஒன்றாவது, பிள்ளையின் நெஞ்சில் என்ன இருக்கிறதோ என்பது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது.

கடைசியில் வந்தான். சட்டையைத் தப்புப் பொத்தானில் மாட்டியிருந்தான்.

"படத்துல தழும்பு தெரிஞ்சிச்சும்மா. எப்பன்னு கேட்டாங்க, சொன்னேன். பெரிய டாக்டர் வந்து இன்னொரு படம் எடுத்தாரு, ரொம்ப நேரம் லைட்டுல வச்சிப் பாத்தாரு. பழசு, நல்லா காஞ்சிருச்சின்னாரு. நெஞ்சு க்ளீனா இருக்காம். ஃபிட்டும்மா!"

"ஃபிட்டுன்னா?"

"எடுத்துக்குவாங்க."

நியாயப்படி அவள் அழுதிருக்க வேண்டும். ஓரமாக அழுதுகொண்டிருந்தவள்கூட ஒரு துணை கிடைத்தது என்று இவளைத்தான் பார்த்தாள். பூவம்மாவுக்கோ அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னான். "டாக்டரு சொன்ன மாதிரியே சொல்லு." இங்கிலீஷில் சொன்னான். ஒரு எழுத்து புரியவில்லை, அவ்வளவு இனித்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ஜென்மத்தில் முதல் தடவையாக டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

தேக்காவில் இறங்கியவள் மகனையும் இழுத்துக்கொண்டு நேரே மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள். காப்பிக்கடைக்காரரைப் பார்த்து, "எல்லாருக்கும் காப்பி போடுங்கண்ணே, என் கணக்கு!" என்று குரல் கொடுத்தாள். மீன்காரர், காய்கறிக்காரர் எல்லாரும் திரும்பினார்கள்.

"எம்புள்ள நெஞ்சு சுத்தமா இருக்காம்! கெவர்மென்டு டாக்டரே ரெண்டு படம் எடுத்துப் பாத்துச் சொல்லிட்டாரு! டீபி வந்த எடம் காஞ்சி தழும்பாப் போச்சாம்!"

சொன்ன பிறகுதான் பார்த்தாள். மீன் பலகைக்குப் பக்கத்தில், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மங்களம் நின்றிருந்தாள்.

மீன்காரரின் கத்தி பாதி வெட்டில் நின்றது. பூவம்மாவுக்கு முகம் வெளிறியது. எருமை, கன்று, எல்லாம் வாய்க்கு வந்தன. ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை. சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

"எஸ்டேட்டுன்னு சொன்னியே?" என்றாள் மங்களம்.

"எஸ்டேட்டு இல்லக்கா. ஆஸ்பத்திரி. ஒம்போது மாசம்."

காப்பி வந்தது. அழகப்பன், தெரிந்தோ தெரியாமலோ, முதல் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். சூடு தாங்காமல் உஸ் என்றான். எல்லார் கண்ணும் டீபி வந்தவன் வாய் வைத்த அந்தக் கிளாஸ் மேல்தான். மங்களம் மெல்ல நடந்து அவன் எதிரே வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். மேசைமேல் இருந்த சாஸரை எடுத்து நீட்டினாள்.

"ஊத்துடா இதுல. கொதிக்கிறத அப்படியே குடிப்பாங்களா?"

அவன் ஊற்றினான். கொஞ்சம் அவள் சேலையில் சிந்தியது. ஆற்றி அவனிடம்தான் கொடுக்கப்போகிறாள் என்று பூவம்மா நினைத்தாள். மங்களம் இரண்டு ஊது ஊதினாள். பிறகு தன் வாயில் வைத்துச் சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிவிட்டு, காலிச் சாஸரை மறுபடியும் அவன் கிளாஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.