கம்பமெல்லாம் சிற்றம்பலம்

சிற்றம்பலத்தார் தன் பெயரைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் ஒரு விளக்குக் கம்பம் மிச்சமில்லாமல் அது தொங்கியது. 'தக்சாயினி சிற்றம்பலம்' என்று கொட்டை எழுத்தில் பெயர், பக்கத்தில் சிரித்த முகம், கீழே ஜெர்மன் மொழியில் 'எல்லாருக்கும் ஒரே சட்டம்'. மகள் கலியாணம் கட்டிய பிறகும் தகப்பன் பெயரை விடவில்லை என்று கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மனிதர் அவர். இப்போது பேக்கரிக்குப் பாண் வாங்கப் போவதென்றாலும் பின்தெருவால் சுற்றிப் போகிறார்.

அது கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் அரைமணி நேரம் போகவேண்டிய சின்ன ஊர். நகரத்தில் நெடுங்காலம் பொலிஸ் வேலை பார்த்த தக்சாயினி, இங்கே நகரபிதா தேர்தலில் நின்றாள். பெண் வந்தாலும் நகரபிதாதான். நம் தமிழுக்கு இன்னும் அந்தச் செய்தி எட்டவில்லை. அந்த மாநிலத்தில் நகரபிதாதான் ஊரின் சட்ட ஒழுங்குக்கும் தலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. வெல்லுவாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

சிற்றம்பலத்தாரின் நெஞ்சில் கிடந்த கல் வேறு. போன கிழமை ஒரு பின்னேரம், தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு காரில் திரும்பியவர், திராட்சைத் தோட்டத்து வளைவில் மூடுபனிக்குள் ஒரு சைக்கிளைக் கண்டார். கண்டதும் இடித்ததும் ஒன்றாக நடந்தன. கண்ணாடியில் பார்த்தபோது சைக்கிள் விளக்கு நிலத்தில் கிடந்து எரிந்துகொண்டிருந்தது. அவர் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று அவரைக் கேட்டால் யாழ்ப்பாணத்தைச் சொல்லுவார். சத்தம் கேட்ட இடத்தில் நின்றவன் வீடு திரும்பாத காலம் ஒன்று இருந்தது. ஓடு என்று கால்களுக்குப் பழக்கியாகிவிட்டது. உண்மைதான். ஆனால் இது யாழ்ப்பாணமில்லை, விழுந்து கிடந்தது ஆமிக்காரனுமில்லை. அந்தச் சாக்கு அவருக்கே கசந்தது. விழுந்தவள் பேக்கரியில் வேலை செய்யும் வெரோனிக்கா. சனிக்கிழமைகளில் அவருக்குச் சூடான பாணாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறவள். பின்னால் வந்த யாரோ அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். வாசல் மணி அடித்தால் அவர் குளியலறைக்குள் போய்விடுவார். ஒளிரும் ஜாக்கெட் போட்ட குப்பைக்காரரைக் கூடப் பொலிஸ் என்று நினைத்து ஒருநாள் படுக்கையில் போய் விழுந்தார். மனைவி பாலாம்பிகை சளிக்காய்ச்சல் என்று நம்பி, வேளைக்கு வேளை மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் தக்சாயினி வந்தாள். பிரசாரத்தில் தொண்டை கட்டியிருந்தது. சாப்பாட்டுக்கு இருந்தவள் கைபேசியில் ஒரு படத்தைத் தாயிடம் காட்டினாள். பொலிஸ் வெளியிட்ட படம். விபத்து நடந்த இடத்தில் கிடந்த பொருள், அடையாளம் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று போட்டிருந்தது. நூலில் கோத்த ஒரு காய்ந்த தேசிக்காய், கீழே மூன்று மிளகாய்.

"ஏதோ நத்தார் மரத்துச் சோடனை எண்டு நினைக்கினமாம்," என்றாள். சொல்லும்போது அவள் தாயைப் பார்க்கவில்லை.

கண்ணூறு படாமலிருக்கக் காரின் முன்பக்கத்தில் தேசிக்காய் கட்டும் வீடு அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். மகளின் படம் கம்பங்களில் ஏறிய அன்றே பாலாம்பிகை கட்டியது அது. ஊர்க் கண்ணெல்லாம் பிள்ளையில் விழுகுதே என்ற பயம் அவருக்கு.

"அம்மா, வெளியிலை காரிலை புதுசு தொங்குது. பழசு எங்கை?"

"அது அறுந்து விழுந்திட்டுதாம் பிள்ளை. அப்பாதான் சொன்னவர். நான் உடனை வேறை கட்டிப்போட்டன்." பாலாம்பிகை சொல்லிவிட்டு ரசச் சட்டியை எடுக்கக் குசினிக்குள் போனார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சிற்றம்பலத்தாரின் கையிலிருந்த சோறு சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. "நான்தான் பிள்ளை," என்றார்.

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்றும் நினைத்தார். அவள் எழுந்து குசினிக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"ஆராவது பாத்தவையே?"

அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை.

"இல்லை."

"சரி. ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் அப்பா. திங்கள் நானே பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போறன். அதுவரைக்கும் வெளிக்கிடாதேங்கோ, காரைத் தொடாதேங்கோ." அவள் வெளியே போனாள். ஜன்னலால் பார்த்தார். காரின் முன்னால் குனிந்து புதுத் தேசிக்காயை அறுத்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். பதினாறு வயதில் கடையில் மிச்சக் காசு கூடுதலாகத் தந்துவிட்டார்கள் என்று மழையில் திரும்பி ஓடின பிள்ளை அவள்.

அப்போதுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு வகை. அதோடு எப்படியோ சாப்பிட்டுப் படுத்து நாட்களை ஓட்டிவிட்டார். இது வேறு. தான் ஓடிய ஓட்டத்தை இப்போது பிள்ளையும் ஓடத் தொடங்கிவிட்டாள். திங்கட்கிழமை நகரபிதாவாக இருப்பவளுக்கு தள்ளிப்போட இன்னொரு திங்கள் கிடைக்காமலா போகும்? பெற்ற பிள்ளையை இப்படிக் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்தே புறப்பட்டார். "காய்ச்சலோடை எங்கை போறியள்?" என்று பாலாம்பிகை கேட்டதற்கு, "ஒருக்கா பொலிசுக்குப் போட்டு வாறன்," என்றார். இந்த முறை பின்தெருவால் போகவில்லை. கம்பத்துக்குக் கம்பம் மகள் சிரித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கு வெளிச்சமும் பேயாகத்தான் இருந்தது. பொலிஸ் நிலைய வாசலில் கால்கள் பழைய பாடத்தைச் சொன்னன. ஓடு, ஓடு. கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உள்ளே மேசையில் ஓர் இளம் பொலிஸ்காரன் இருந்தான். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னார். பனி, சைக்கிள், எரிந்த விளக்கு, நிற்காதது. அவன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். அதில் அவர் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர், சிற்றம்பலம் முதற்பெயர்.

"சிற்றம்பலம்," என்று தட்டுத்தடுமாறி வாசித்தான். "வெளியே கம்பத்தில் இருப்பதும் இந்தப் பெயர்தானே. அவர் உங்கள் உறவா?"

"இல்லை," என்றார் சிற்றம்பலத்தார். "எங்கள் ஆட்களில் இந்தப் பெயர் நிறையப் பேருக்கு உண்டு."

அவன் தலையாட்டி எழுதக் குனிந்தான். தப்பியது, பிள்ளை தப்பினாள் என்று அவர் மூச்சு விட்டபோது பின்னால் கதவு திறந்தது. தக்சாயினி நின்றாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. பாலாம்பிகைதான் போன் பண்ணியிருக்க வேண்டும்.

தடுக்க வந்தாளோ? அவள் கண்கள் பொலிஸ்காரனின் பேனையில் இருந்தன. கை கோட்டுப் பைக்குள் போனது. நெடுநேரம் உள்ளேயே இருந்தது.

பிறகு தேசிக்காயை எடுத்து மேசையில் வைத்தாள். "நான் இவருடைய மகள்," என்றாள் ஜெர்மனில். "நேற்று மத்தியானமே எனக்குத் தெரியும். இதை அவருடைய காரிலிருந்து அறுத்தது நான். யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்டேன். அதையும் எழுதுங்கள்."

பொலிஸ்காரனின் பேனை நின்றது. அவன் மேசையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "ஞாயிற்றுக்கிழமை தேர்தல்," என்றான், அவளுக்குத் தெரியாததைச் சொல்வதுபோல.

"தெரியும்."

"இவர் உறவில்லை என்று சொன்னாரே?"

இருவரும் சிற்றம்பலத்தாரைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் முழுதும் மறந்தது. மேசைக்குக் கீழே மகளின் கை வந்து அவர் கையைப் பிடித்தது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கை.

"ஓம்," என்றார் தமிழில். "என்ர பிள்ளை."