மூன்றாவது டேப்பு

படகுப் பட்டறையில் அவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அதை யாரும் கேட்டதில்லை. மற்ற எலக்ட்ரீஷியன்கள் ஒயரைக் கழற்றினால் தாளில் குறித்துக்கொள்வார்கள், சிலர் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு இரண்டிலும் நம்பிக்கை கிடையாது. கழற்றுகிற ஒயர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துண்டு மஞ்சள் டேப்பு ஒட்டுவார். அதற்கு ஜோடியாகத் தன் இடது சட்டைக் கையில் இன்னொரு துண்டு. ஒயரைத் திரும்ப மாட்டும்போது இரண்டையும் பிய்த்துவிடுவார். கிளம்புகிற நேரத்தில் சட்டைக் கையை ஒரு பார்வை பார்ப்பார். அதில் ஒன்றும் இல்லை என்றால் வேலை முடிந்தது, பையைத் தூக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

"ஐயா சட்டையைப் பாத்தாலே எந்தப் படகு எவ்வளவு பிரிஞ்சு கிடக்குன்னு சொல்லிடலாம்" என்று பெயின்ட்காரர் கிண்டல் அடிப்பார். அடிக்கட்டுமே! இருபத்திரண்டு வருஷத்தில் இவர் மறந்துபோன ஒயர் என்று ஒன்றை யாரும் காட்டியதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு எட்டு மாதமாகத் தூக்கம் கிடையாது. அவருடைய தங்கையின் புருஷன் கடலில் போய் எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை என்று உறவு, பழக்கத்தில் உயிர்த் தோழன். விடுமுறை நாளில் சுற்றிவர ஆசை ஆசையாக ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கி வைத்திருந்தான். அதற்குப் பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புது லித்தியம் பேட்டரி வைத்துக் கொடுத்தவர் இவர். அன்றைக்கே மத்தியானம், புது பேட்டரி எப்படி இழுக்கிறது பார்க்கலாம் என்று தனியாகக் கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. படகைப் பாதி முழுகின கோலத்தில் கட்டி இழுத்து வந்தார்கள், அவன் உடம்பு ஆஸ்பத்திரி வழியாக வீட்டுக்கு வந்தது. என்ஜினுக்குக் குளிர்தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்து உள்ளே தண்ணீர் ஏறியது, பேட்டரி முழுகியதும் எல்லாம் செத்துப்போயிற்று, இது விபத்து என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எல்லாம் சரி. ஏறின தண்ணீரை இறைக்க வேண்டிய பம்ப் ஏன் இறைக்கவில்லை? நனைந்து கெட்டுப்போயிருக்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். தண்ணீருக்குள்ளேயே கிடந்து வேலை செய்வதற்கென்று செய்த பம்ப் நனைந்து கெட்டுப்போகுமா? படித்ததுமே அது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. படகைப் போய்ப் பார்க்கவும் இல்லை. "மனசு வரல" என்று எல்லோரிடமும் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். உள்ளுக்குள் ஓடியது வேறு. அன்றைக்குக் கிளம்பும்போது சட்டைக் கையைப் பார்த்தோமே, சுத்தமாகத்தானே இருந்தது? இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதைத் தனக்குத் தானே ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டு காலத்தைத் தள்ளினார்.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அந்தப் படகு எனக்கு மெசேஜ் அனுப்புது."

"என்ன பாப்பா சொல்ற?"

"மூணு வாரமா வருது. தினம் சாயங்காலம் நாலு இருபதுக்கு. 'மாப்ளே, தண்ணி ஏறுது. எழுந்திரு'ன்னு."

அந்த வாசகத்தை அடித்து வைத்தவரே டேப்புதான். மாப்பிள்ளை கும்பகர்ணத் தூக்கக்காரன். படகில் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான். அதனால் படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் போனுக்குச் செய்தி அனுப்புகிற சின்னப் பெட்டி ஒன்றை ஸ்டீயரிங்குக்கு மேலே பொருத்தியபோது, விளையாட்டாக அப்படி அடித்து வைத்தார். ஒரு நம்பர் மாப்பிள்ளையுடையது, இன்னொன்று தங்கையுடையது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வரி இப்போது தினமும் அந்த வீட்டுக்கு வருகிறது.

"பெட்டியில ஏதோ கோளாறு. நான் போய் பாக்கறேன்" என்றார்.

"பாரு அண்ணா. நாளன்னைக்குப் படகை வாங்கறவங்க வர்றாங்க. அதுக்குள்ள நீயே பாத்துடு" என்றாள். அந்த 'நீயே' அவரை ஏதோ செய்தது. வேறு யாரை அனுப்புவாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வைத்தார்.

பட்டறையின் கடைசியில், கிரேன் கொட்டகைக்குப் பின்னால், மரக்கட்டைகள் மேல் படகை ஏற்றி வைத்திருந்தார்கள். மணி மூன்றே கால். ஏணியில் ஏறும்போதே காரணம் பாதி விளங்கிவிட்டது. விற்பதற்காக மேலே மூடியிருந்த தார்ப்பாயை மூன்று வாரத்துக்கு முன்பு கழற்றியிருக்கிறார்கள். கூரையில் இருக்கும் சோலார் தகட்டில் வெயில் விழுகிறது. மழைத்தண்ணீர் அடியில் தேங்கியிருக்கிறது. கொட்டகை நிழல் விலகி வெயில் பட்டதும் பெட்டிக்கு உயிர் வரும், வந்ததும் தண்ணீரைக் கண்டு கத்தும். அவ்வளவுதான் விஷயம், பேயும் இல்லை பிசாசும் இல்லை! தைரியமாக உள்ளே காலை வைத்தார்.

வைத்த காலடியில் மாப்பிள்ளையின் செருப்பு ஒன்று கிடந்தது. ஒன்றுதான். இருக்கையின் மேல் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. காய்ந்த சேற்று வாடை. "வா மச்சான், ஏன் இவ்வளவு லேட்டு?" என்று எங்கிருந்தாவது குரல் வந்துவிடுமோ என்று நின்ற இடத்திலேயே நின்றார். வரவில்லை. வராததும் பொறுக்கவில்லை அவருக்கு.

முதலில் பெட்டியைத்தான் கழற்றியிருக்க வேண்டும். கை என்னவோ தரைப்பலகையைத் தூக்கியது. பேட்டரியும் பம்ப்பும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. படகில் எல்லா விளக்கும் கருவியும் மெயின் சுவிட்ச் வழியாகப் போகும். பம்ப்புக்கு மட்டும் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி ஒயர். ஆள் இல்லாதபோதும், எல்லாவற்றையும் அணைத்துவிட்ட பிறகும், தண்ணீர் ஏறினால் மிதவை மேலே வந்து பம்ப் தானாக ஓட வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்தத் தொழிலில் முதல் பாடமே அது. பேட்டரி மாற்றுகிறவன் மற்றதை மறந்தாலும் அதை மறக்கக்கூடாது.

டார்ச்சை அடித்தார். என்ஜினுக்குப் போகும் தடித்த ஒயர் மாட்டியிருந்தது. மெயின் சுவிட்சுக்குப் போவதும் மாட்டியிருந்தது. மூன்றாவது ஒயர், மெல்லிசாகச் சிவப்பாக, பேட்டரிக்குப் பின்பக்கம் சரிந்து தண்ணீரில் கிடந்தது. அதன் நுனியில் மஞ்சள் டேப்பு.

"ஐயோ" என்று மட்டும் வந்தது வாயில்.

ஆனால் சட்டைக் கை? சுத்தமாக இருந்ததே! கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டைக் கையைத் திரும்பக் கொண்டுவந்தார். வெளிர் நீலம். மடிப்புக் கலையாமல். அவரிடம் வெளிர் நீலச் சட்டையே கிடையாது. அப்போதுதான் முழுசும் வந்து மோதியது. இரண்டு ஒயர் மாட்டி முடித்திருந்தபோது, பெரிய படகுக்காரர் ஒருவர் போன் செய்து உடனே வரச் சொன்னார். இவர் சட்டை முழுக்க என்ஜின் அழுக்கு. "இந்தக் கோலத்துல அந்த ஆள் முன்னாடி போய் நிப்பியா மச்சான்? இந்தா" என்று மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இவருடைய அழுக்குச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். ஏணி இறங்குமுன் இவர் வழக்கம்போலச் சட்டைக் கையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. எப்படி இருக்காமல் போகும்? அது மாப்பிள்ளையின் சட்டை! மூன்றாவது டேப்பு ஒட்டியிருந்த சட்டை மாப்பிள்ளையின் உடம்பில் இருந்தது.

எவ்வளவு நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. மனித மனசு எப்பேர்ப்பட்ட திருட்டு மனசு பாருங்கள்! அழுதுகொண்டிருக்கும்போதே கை அந்த ஒயரை எடுத்துத் துடைத்தது. டேப்பைப் பிய்த்துவிட்டு ஒயரை மாட்டிவிட்டால் இரண்டு நிமிஷ வேலை. விசாரணை முடிந்தாயிற்று. படகு நாளன்றைக்குக் கை மாறிவிடும். தங்கை ஒருத்திதான் இவருக்கு மிச்சம். அவளும் இல்லை என்று ஆகிவிட்டால்? நகம் டேப்பின் ஓரத்தைக் கிளப்பிவிட்டது.

தலைக்கு மேலே 'டிக்' என்றது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது, தங்கை.

"வந்துடுச்சு அண்ணா. இப்பதான்."

கைக்கடிகாரத்தில் நாலு இருபது. வெயில்தான் காரணம் என்று இவ்வளவு நேரம் நினைத்தோமே, வெயில் ஒரே இடத்திலா நிற்கும்? மூன்று வாரத்தில் நிழல் சில நிமிஷமாவது நகர்ந்திருக்க வேண்டுமே. எல்லாம் நகர்ந்தும் நேரம் மட்டும் நகரவில்லை. அதற்கு இன்றுவரை அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"பாப்பா, நான் அங்க வரேன்" என்றார். டேப்பின் ஓரத்தை மறுபடி அழுத்தி ஒட்டினார். பெட்டியின் ஒயரைக் கூடத் தொடாமல் இறங்கிப் போனார்.

தங்கை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"பாப்பா, பம்ப்பு ஒயரை நான் மாட்டல. மறந்துட்டேன். உன் புருஷனைக் கொன்னது குழாய் இல்ல, நான்தான்."

சொல்லிவிட்டார். அடிப்பாள், வெளியே போ என்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து நின்றார்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை. முடிச்சை அவிழ்த்து உள்ளே இருந்ததை மேஜைமேல் விரித்தாள். அழுக்குச் சட்டை, கடல்தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்துப் போனது. இடது கையில் ஒரு துண்டு மஞ்சள் டேப்பு, ஒட்டினது ஒட்டினபடி.

"தெரியும் அண்ணா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"அன்னைக்கும் இதே மெசேஜ் வந்துச்சு. நாலு இருபதுக்கு. பதறிப்போய் போன் பண்ணேன். எடுத்தாரு. உதவிக்குச் சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்காங்க, பயப்படாதன்னாரு. பம்ப்பு ஓடலன்னாரு. அப்புறம் சட்டையப் பாத்திருக்காரு. சிரிச்சாரு அண்ணா, நெஜமா சிரிச்சாரு. 'உங்கண்ணன் ஒரு டேப்பை என் கையில விட்டுட்டுப் போயிருக்கான். ஒயரைத் தேடறேன், இடுப்பளவு தண்ணியில ஒண்ணும் தெரியல. இதை அவன்கிட்ட சொல்லிடாதே, உடைஞ்சு போயிடுவான்'னாரு. அதுக்கப்புறம் லைன் இல்ல."

டேப்பு கையை நீட்டி அந்த மஞ்சள் துண்டைத் தொட்டார்.

"எட்டு மாசம்! எட்டு மாசமா நீ வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து இந்த நாற்காலியில உக்காந்து போன. ஒவ்வொரு தடவையும் உன்னைக் கத்தியால குத்தணும்போல இருக்கும். அவர் சொல்லாதேன்னாரே, அதுக்காக வாயை மூடிக்கிட்டு உனக்கு சாப்பாடு போட்டேன். படகைப் போய் பாருன்னு நானா எப்படிச் சொல்ல? அப்பதான் இந்த மெசேஜ் வர ஆரம்பிச்சுது. சரி, அவரே கூப்பிடுறாருன்னு உன்னை அனுப்பினேன். பாத்துட்டு நீ மறைச்சிருந்தா, இன்னையோட எனக்கு அண்ணன் இல்ல."

சொல்லிவிட்டு, அவள் முதல் தடவையாக அவருக்கு முன்னால் வாய்விட்டு அழுதாள். அவரும் அழுதார். யாரும் யாரையும் தேற்றவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டையை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"வாங்கப்போறவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கும். நாளைக்குக் காலையில போய் மாட்டிட்டு வந்துடு. நானும் வரேன்."

காலையில் இருவரும் போனார்கள். ஊறிப்போன பேட்டரியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து, மூன்று ஒயரையும் மாட்டினார். சிவப்பு ஒயரைக் கடைசியாக மாட்டித் திருகி முடித்ததும், செத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்த பம்ப் ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் படகின் பக்கவாட்டில் கொட்டியது. கீழே நின்றிருந்த தங்கை, கடைசிச் சொட்டு விழும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

டேப்பு தோளில் போட்டிருந்த அழுக்குச் சட்டையை எடுத்தார். இடது கையில் இருந்த மஞ்சள் துண்டைப் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. உப்பில் இறுகித் துணியோடு துணியாகிவிட்டிருந்தது. நகத்தால் சுரண்டினார், அப்போதும் வரவில்லை.

"விடு அண்ணா" என்றாள் தங்கை ஏணியடியிலிருந்து. "அது அப்படியே இருக்கட்டும்."