விடிந்ததும் குறைகிற ஆயில்

மிளகளவு எஃகுக் குண்டு ஒன்றை விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர். கண்ணாடிக் கடையில் ஆயுள் முழுக்க லென்ஸ் தேய்த்த கண்; ஒரு கீறல்கூட அகப்படவில்லை. ஆயில் பம்பின் மற்ற பாகங்கள் பழைய துண்டின்மேல் கிடந்தன. பல்சக்கரம் தேயவில்லை, குழாய் அடைக்கவில்லை, ஸ்பிரிங் தளரவில்லை. ஆனாலும் பூட்டி ஓட்டினால் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் தெருவையே மறைக்கிற மாதிரி நீலப்புகை விட்டது. எஞ்சினின் காற்றுப்போக்கிக் குழாய் வழியே ஆயிலைக் கக்கியது. கோளாறு வண்டியில் இல்லை, தன் கையில்தான் என்று முடிவு கட்டிவிட்டார். வண்டியை விற்றுவிடுவதாகச் சொல்லியாயிற்று; வாங்குகிறவர் சாயங்காலம் வருவதாக இருந்தது.

பக்கத்தில் குந்தியிருந்தவன் மனைவியின் தம்பி, பஸ் டெப்போவில் மெக்கானிக்.

“அத்தான், மேல நோண்டுனது போதும். அடில என்ன கெடக்குன்னு பாப்போம்.”

“என்ன கெடக்கும், உன் மூளையா?”

“அது இருந்தா லீவு நாள்ல இங்க வந்து ஒக்காருவனா?”

ஆயில் டேங்க்கிலிருந்து வரும் குழாயை நெருக்கிக் கட்டிவிட்டு பம்பை மட்டும் பிரிப்பது அவர் வழக்கம். எஞ்சினின் அடிப்பகுதியை அவர் தொட்டதே இல்லை. இப்போது அதன் திருகைக் கழற்றியதும் ஆயில் கொட்டத் தொடங்கியது. பேசின் நிறைந்தது, அடுத்து வைத்த வாளியிலும் ஏறியது. டேங்க்கில் இருந்ததையும் சேர்த்தால் அந்த வண்டி கொள்ளக்கூடியதைவிட எவ்வளவோ அதிகம். அதுவும் கறுக்காமல், தேன் நிறத்தில்.

“இத யாரு ஊத்துனா?” என்றார்.

வாசற்படியில் நின்ற மனைவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“காலைல டேங்க் மூடியத் தெறந்து பாத்தா கொறஞ்சிருக்கும். அதான் கொஞ்சம் கொஞ்சமா...”

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். “வேணாம் வேணாங்கற விருந்தாளிக்குப் பரிமாறுற மாதிரி பரிமாறியிருக்கியேக்கா! ராத்திரி நிக்கும்போது டேங்க் ஆயில் எஞ்சின் அடிக்கு எறங்கும், ஓட்டுனா மறுபடி டேங்க்குக்கு ஏறிடும். பழைய வண்டிங்க குணம் அது.”

அவர் சிரிக்கவில்லை. எப்போதோ ஒருமுறை ஆயில் வற்றி, எஞ்சின் நடுரோட்டில் இறுகி, அவரைத் தூக்கி எறிந்திருந்தது. அவர் அதை மறந்தே போயிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

“விக்கப்போறேன்னுதான் சொல்லிட்டேனே. அதுக்கப்புறமும் ஏன் ஊத்துன?”

“நீங்க சொன்னப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் உங்க மூஞ்சியப் பாத்தேன். கடைசியா ஒரு தடவையாவது ஓட்டுவீங்கன்னு தோணுச்சு.”

பம்பைப் பூட்டி, அளந்து ஆயில் விட்டு, வெயில் தாழ்கிற நேரத்தில் அவர் வண்டியை உதைத்தார். முதலில் கொஞ்சம் புகைந்தது. பிறகு தெளிந்தது. அவர் டேங்க்கின் மூடியைத் திறந்து அவளைக் கூப்பிட்டார். டார்ச்சை அவள் கையில் கொடுத்தார்.

“ஓடும்போதுதான் பாக்கணும். அந்தச் சின்னக் குழாய்ல துப்பித் துப்பி விழுதா? அது விழுந்துக்கிட்டே இருந்தா உள்ள சுத்திட்டு வருதுன்னு அர்த்தம்.”

அவள் குனிந்தாள். கேட்டுக்கு வெளியே யாரோ, “சார் இருக்காருங்களா?” என்றார்கள். மச்சினன் அத்தானைப் பார்த்தான். அவர் மனைவியைப் பார்த்தார்.

“செத்த இருக்கச் சொல்லுங்க,” என்றாள் அவள், தலையை எடுக்காமல். “இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்.”

எஞ்சினின் அதிர்வில் அவள் நெற்றி முடி நடுங்கிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் ஆயில் விட்டு விட்டு விழுந்தது, மின்னி மின்னி.