நூற்றுக்கு நாற்பது பயம்

என் அத்தான் பொத்தான் மொத்த வியாபாரி. முப்பது வருஷத்தில் எடுத்த எடுப்பில் உண்மை விலை சொன்னதே கிடையாது. விற்கும்போது இரண்டு மடங்கு சொல்வார், வாங்கும்போது பாதிக்குக் கேட்பார். அப்படிப்பட்ட மனிதரை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. புண் பத்து நாளில் ஆறியது. பயம் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டது.

ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டிலோ கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய். அத்தான் அந்த வாசல்படியை மிதிக்கவேயில்லை. இப்போது மகளுக்குக் குழந்தை பிறக்க எட்டு வாரம்தான் பாக்கி. "அப்பா நேர்ல வந்து பார்ப்பாரா, போட்டோ அனுப்பினா போதுமா?" என்று அவள் தன் அம்மாவிடம், அதாவது என் அக்காவிடம், கேட்டது அத்தான் காதில் விழுந்தது. மறுநாளே மனநல மருத்துவரிடம் போனார். துணைக்கு நான்.

டாக்டரம்மா பொறுமைசாலி. பழைய நினைவை மூளை அழிக்காது, அதன் பக்கத்திலேயே 'இந்த நாய் ஒன்றும் செய்யாது' என்று புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும் என்றார். உள்ளே அலறுகிற அபாய மணியை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அப்போது அடக்கிவைக்குமாம். அதற்கு, பயம் தானாக இறங்கும்வரை ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கிழட்டு நாய் ஒன்றைக் கூடத்தின் கோடியில் நிறுத்தி, பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். அத்தானின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வாய் மட்டும், "நாப்பது" என்றது.

அதை நம்பி நாயைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அத்தான் கழிவறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். அடுத்த வாரமும் அதே நாப்பது, அதே கழிவறை. ஓட ஓடப் பயம் கொழுத்ததுதான் மிச்சம்.

மூன்றாம் வாரம் அக்காவும் வந்தாள். அவர் நாப்பது என்றதும் டாக்டரிடம் சொன்னாள்: "அது இவர் வாங்கற விலைம்மா. ரெண்டால பெருக்கிக்குங்க."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. இந்த முறை நாய் கோடியிலேயே நின்றது. சொத்தை எழுதிக்கொடுப்பவர் மாதிரி அத்தான், "எண்பது" என்றார்.

"கடையில எதிராளி இறங்கி வர்ற வரைக்கும் அசையாம உக்காருவீங்கல்ல," என்றாள் அக்கா. "அப்படி உக்காருங்க."

உட்கார்ந்தார். எண்பது எழுபதாயிற்று. அரை மணியில் ஐம்பது. டாக்டரம்மா போதும் என்றபோது அத்தான் கையமர்த்தினார். "இருங்க, இன்னும் குறையும்."

அறைக்குள் கற்றது அறையோடு நின்றுவிடும் என்று பூங்கா, தெருமுனை, மாடிப்படி என விதவிதமான நாய்களோடு ஐந்து வாரம் உட்காரவைத்தார்கள்.

பேத்தி பிறந்த ஒன்பதாம் நாள் மகள் வீட்டுக்குப் போனோம். கதவு திறந்ததும் அந்தக் கன்றுக்குட்டி பாய்ந்து வந்தது. அத்தானின் முகம் வெளுத்தது. மகள் அதைக் கட்டப் போனாள்.

"கட்டாதம்மா. எழுபது இருக்கு. இறங்கிடும்," என்று சொல்லி நாற்காலியில் அமர்ந்தார். நாய் அவரை முகர்ந்தது, காலடியில் சரிந்தது. மகள் குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து நான் கிளம்பலாமா என்றேன்.

"சத்தம் போடாதடா மச்சான்," என்றார் அத்தான். "ரெண்டும் தூங்குது."

சாப்பாடும் அங்கேயே ஆயிற்று.