நெவேனா நேராக்கிய கோடு

மெத்தோடியின் குறட்டை மூன்று வீடு தாண்டிக் கேட்கும் என்பது அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. குறட்டை நடுவில் நின்றுபோகும் என்பது அவருடைய மனைவி நெவேனாவுக்கு மட்டும்தான் தெரியும். சத்தம் அற்றுப்போய், கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் போல ஒரு பெரிய மூச்சு வரும். ஆறு வருஷமாக ஹால் சோபாவில் படுத்துப் பழகியதில் அவளும் அதை மறந்திருந்தாள்.

ஈஸ்டருக்கு வந்த மகள் ராலிட்சா அதைக் கேட்டுவிட்டாள். ஜெர்மனிக்குத் திரும்பிய அடுத்த வாரமே ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். இரவில் கட்டிக்கொண்டு தூங்கினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விடியும்வரை அளந்து, போனில் கோடாக வரைந்து காட்டும்.

“மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுறியே,” என்றார் மெத்தோடி.

“மாடு இவ்வளவு சத்தம் போடாதுய்யா. கையை நீட்டு.”

மகளின் நச்சரிப்பு தாங்காமல் இருவரும் குடும்ப டாக்டர் குன்சேவாவிடமும் போனார்கள். “ரெண்டு வாரம் அளந்து கொண்டு வாங்க,” என்றார் டாக்டர். “தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னு சந்தேகம் வந்தா ப்ளெவன்ல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அங்க ஒரு ராத்திரி தூங்க வச்சுப் பாப்பாங்க. தேவைப்பட்டா முகமூடி ஒண்ணு குடுப்பாங்க, அதைப் போட்டுக்கிட்டுத் தூங்கலாம்.”

முகமூடி மெத்தோடியின் காதில் விழவேயில்லை. ப்ளெவன் என்ற சொல்தான் விழுந்தது. அவர் ரூஸே நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறவர். ஓய்வு பெறப் பதிமூன்று மாதம் இருந்தது. போன வருஷம் இதே மாதிரி ப்ளெவனுக்குப் போய்வந்த ஒரு டிரைவரை, ஓட்டக்கூடாது என்று சொல்லி டிப்போ வாசலில் சீட்டுக் கிழிக்க உட்கார வைத்துவிட்டார்கள். அவனைக் கடக்கும்போதெல்லாம் மெத்தோடி வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

நெவேனா முப்பத்தோரு வருஷம் டான்யூப் ஆற்றின் நீர்மட்டம் அளக்கும் நிலையத்தில் வேலை பார்த்தவள். கருவி இழுத்த கோட்டைப் பார்த்து அன்றைய மட்டத்தைத் தாளில் ஏற்ற வேண்டும். பெரிய சரக்குப் படகு கரையை ஒட்டிப் போனால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். கோடு சட்டென்று கீழே இறங்கி, ஒரு நிமிஷத்தில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். ஆறு வற்றியதாக அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பள்ளத்தை அடித்துவிட்டு, முன்னே இருந்த மட்டத்தையும் பின்னே இருந்த மட்டத்தையும் ஒரு நேர்கோட்டால் சேர்த்துவிட வேண்டும். நிலையத்தில் அதை அவளைப் போலச் சுத்தமாகச் செய்தவர் இல்லை.

அதனால் முதல் நாள் காலையில் போனைத் திறந்தபோது அவளுக்கு அந்தப் படம் புதிதாகத் தெரியவில்லை. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து என்று கோடு போய்க்கொண்டிருந்தது. இரண்டே முக்காலுக்கு எழுபத்தொன்பதுக்கு விழுந்து அரை நிமிஷத்தில் ஏறியது. அப்புறம் இன்னும் மூன்று இடத்தில் அப்படி. புரண்டு படுத்திருப்பார், பட்டை தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். கட்டம் போட்ட நோட்டில் அந்த நான்கு பள்ளங்களையும் விட்டுவிட்டுக் கோட்டை வரைந்து, கீழே சராசரியை எழுதினாள்.

“என்ன, தேறிட்டேனா?” என்றார் மெத்தோடி, பல் துலக்கிக்கொண்டே.

“தொண்ணூத்து நாலு.”

“பாரு! பள்ளிக்கூடத்துல ஆறு மார்க்குக்கு மூணு தாண்டாத ஆளு நான்.”

ஐந்தாம் நாள் மெத்தோடியின் தம்பி லியூபெனின் பிறந்த நாள். தம்பி வீட்டில் காய்ச்சிய ராக்கியா சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து படுத்தார். கடிகாரத்தை நெவேனாவே கட்டினாள். தோலில் பள்ளம் விழும் அளவுக்கு இறுக்கித்தான் கட்டினாள்.

மறுநாள் காலை போனில் இருந்தது ரம்பத்தின் பல். எழுபத்தொன்பது, எழுபத்தாறு, எழுபத்து நான்கு. இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை. அவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று. ஒரே இரவில் நாற்பத்து மூன்று படகுகள் போன நாள் அந்த ஆற்றில் இருந்ததில்லை. பட்டையும் தளரவில்லை.

மெத்தோடி சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி சமையலறைக்கு வந்தார். பாலாடைக்கட்டி வைத்த பனித்சா தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

“இன்னிக்கு எவ்வளவு?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பொத்தானில் இருந்த அவர் விரல்கள் அப்படியே நின்றன.

“நெவே, பதிமூணே மாசம். அதுக்கப்புறம் ப்ளெவன் என்ன, நிலாவுக்கு வேணாலும் அனுப்பு. போறேன்.”

“தொண்ணூத்து ரெண்டு,” என்றாள் நெவேனா.

அது பொய்யில்லை. சராசரி அதுதான். அவர் ஒரு முழுத்துண்டு பனித்சாவை வாயில் திணித்துக்கொண்டு, அவள் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அவள் அளவுகோலை எடுத்தாள். நாற்பத்து மூன்று பள்ளங்களையும் தாண்டி ஒரே கோடாக இழுத்தாள். அதன் பிறகு மீதி எட்டு நாளும் அவள் எண்ணவில்லை. கோட்டை மட்டும் இழுத்தாள்.

டாக்டர் குன்சேவா நோட்டைப் புரட்டி, “எல்லாரும் இப்படிக் கொண்டு வந்தா நான் அஞ்சு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவேன்,” என்றார். “எதுவரைக்கும் இறங்கியிருக்கு?”

“தொண்ணூத்தொண்ணு,” என்று மெத்தோடி முந்திக்கொண்டார். நோட்டில் அப்படித்தான் இருந்தது, அவர் அதை நம்பியே சொன்னார். நெவேனா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரிசை நீண்டிருந்தது. எடையைக் குறைக்கச் சொல்லி, இரவில் குடிக்காதீர்கள் என்று எச்சரித்து, அக்டோபரில் வரச் சொன்னார் டாக்டர்.

தேறிவிட்டேன் என்று மெத்தோடி கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டார். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, காப்பியை இறக்கி வைத்துவிட்டு நெவேனா இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அறைக்குள் போய்ப் பார்த்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இதயம் நின்றுபோயிருக்கிறது என்றார்கள். இரவில் மூச்சு நின்று நின்று இதயம் களைத்திருக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். இருக்கலாம் என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள், கல்லறைக்குப் போய்வந்தவர்கள் சர்க்கரை தூவிய கோதுமையைத் தின்றுவிட்டுப் போன பிறகு, ராலிட்சா மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு விரித்திருந்தது.

“என்ன எழுதுற?” என்றாள் நெவேனா.

“அந்த டாக்டர் மேல புகார். பதினாலு நாள் கோட்டை நீ கையால வரைஞ்சு குடுத்திருக்க. அப்பா கழுத்தை அவ அளந்தாளா? தொண்டையைப் பாத்தாளா? நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பிட்டா. அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பாம நான் திரும்பிப் போகமாட்டேன்.”

“போடு, போடு. சாட்சிக்கு என் பேரையும் போடு,” என்றார், இன்னும் கிளம்பாமல் இருந்த லியூபென். “முதுகுவலின்னு போனா, நடங்கன்னு சொன்னவ அவ.”

“சித்தப்பா, நீங்க சும்மா இருங்க.”

நெவேனா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ராலி, அந்த நோட்டு சரியில்ல.”

“என்ன சரியில்ல?”

“பள்ளமெல்லாம் அதுல இல்ல. நான் எடுத்துட்டேன்.”

மெத்தோடியின் போனை அவள் மகள் முன்னால் வைத்தாள். ஜூன் மாத இரவுகள் எல்லாம் அதில் அழியாமல் இருந்தன. ராலிட்சா ஒன்றைத் திறந்தாள். பிறகு இன்னொன்று. லியூபென் எட்டிப் பார்த்துவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினார்.

“அப்பாதானே இப்படி எழுதச் சொன்னாரு? வேலை போயிடும்னு?”

ஆமாம் என்று சொன்னால் போதும். கேட்கிற யாரும் நம்புவார்கள். அவர் இருந்திருந்தால் அவரே, ஆமாம் நான்தான் என்று சிரித்துக்கொண்டே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பார்.

“இல்ல,” என்றாள் நெவேனா. “அவருக்குத் தெரியாது. நான் சொன்னதை நம்பினாரு.”

“இது எத்தனை?” ராலிட்சா திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“நாப்பத்து மூணு.”

“எண்ணினியா?”

“எண்ணினேன்.”

“எண்ணிட்டு?”

நெவேனா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ராலிட்சா மடிக்கணினியை மூடினாள். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொழுது சாய்ந்த பிறகு உள்ளே வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், “நீயே போய் அவங்ககிட்டச் சொல்லு,” என்றாள். 

காலையில் நெவேனா குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு இறங்கினாள். மகள் பின்னாலேயே இறங்கி வந்தாள். வருவதாக அவள் சொல்லவில்லை. டிராலி பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். மருத்துவமனை நடையில் பதினோரு பேர் இருந்தார்கள்.

“வரிசையில கடைசி யாரு?” என்றாள் நெவேனா. கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர் கை தூக்கினார். அவருக்கு அடுத்து அவள். ராலிட்சா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

முறை வந்து உள்ளே போனதும் டாக்டர் குன்சேவா எழுந்து நின்றார். பேட்டை சின்னது. நேற்று வீட்டுக்கு வந்துபோனவர்கள் வழியாகப் புகார் பேச்சு அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

“திட்ட வந்திருந்தா கதவைச் சாத்திட்டுத் திட்டுங்கம்மா. வெளிய நோயாளிங்க இருக்காங்க.”

நெவேனா கதவைச் சாத்தினாள். போனை மேஜைமேல் வைத்து ஜூன் ஆறாம் தேதியைத் திறந்தாள்.

“நான் கொண்டு வந்த நோட்டு பொய், டாக்டரம்மா. அவருக்கு வந்தது இது.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலால் கோட்டைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பல்லாக நகர்த்திப் பார்த்தார். “சராசரியை வச்சு ஒண்ணும் தெரியாது,” என்றார், தனக்குத்தானே சொல்வது போல. “எத்தனை தடவை விழுதுங்கறதுதான் கணக்கு. நான் போனைக் கேட்டிருக்கணும்.” பிறகு நிமிர்ந்து, “உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க,” என்றார்.

நெவேனா உட்காரவில்லை. படகுகளிலிருந்து தொடங்கினாள். அவள் ஆறாம் நாள் காலைக்கு வந்தபோது யாரோ கதவைத் தட்டி, உள்ளே குடித்தனமா நடத்துகிறீர்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்தினார்கள்.

“இருங்க,” என்றது நடையிலிருந்து ராலிட்சாவின் குரல். “எங்கம்மா பேசிட்டிருக்காங்க.”